நடுக்கட்டைக்கு இடப்புறம்

முத்தையாபுரம்
3 ஜூன் 2024

அன்புத் தம்பி சிவப்பிரகாசுக்கு,

அக்கா சந்தனமாரி எழுதுவது. நானும் உன் அத்தானும் என் மாமியாரும் சுகமாக இருக்கிறோம். உனக்குப் போன மாதம் பிடித்த இருமல் விட்டதா? நாள் முழுக்க மரத்தூளுக்குள் உட்கார்ந்திருப்பவன் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய் என்று எத்தனை தடவை சொல்வது?

ரயில் பார்சலில் கிட்டார் வருகிறது. நீ எனக்குச் செய்து கொடுத்ததுதான். கச்சேரி முடிந்து வரும்போது வேன் மேலே கட்டியிருந்தார்கள். கயிறு அவிழ்ந்து கீழே விழுந்துவிட்டது. கொஞ்சம் உடைந்திருக்கிறது. ஒட்டி அனுப்பு. அவசரம் இல்லை. ஆடி மாதக் கோயில் கொடைகளுக்கு நான் வாசிக்க வரவில்லை என்று கச்சேரிக் குழுவில் சொல்லிவிட்டேன். முதுகு வலிக்கிறது.

போன் செய்யாதே. நான் போனை எடுத்தால் மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். எழுது, பதில் எழுதுகிறேன்.

முத்துச்செல்வி வீட்டில் உங்கள் கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நல்ல பெண். உனக்கு மச்சானாகப் போவதை அவள் அண்ணன் லிங்கராஜ் இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். உன் சிநேகிதன், எங்கள் குழுவின் முதலாளி, இனிமேல் சம்பந்தியும்கூட. அம்மாவும் அப்பாவும் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சந்தனமாரி

*

பெங்களூர்
14 ஜூன் 2024

அக்காவுக்கு,

இருமல் விட்டது. கோபம் விடவில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஆனால் முதுகு வலி என்பதையே நான் நம்பவில்லை.

பார்சல் வந்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வேன் மேலிருந்து விழுந்த பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு மூலைகூட நசுங்கவில்லை. பெட்டிக்கு ஒன்றும் ஆகாமல் உள்ளே இருப்பது மட்டும் எப்படி உடையும்?

இந்தக் கிட்டாரை ஏன் இப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே கதை சொல்கிறாய், அதனால் மறுபடி சொல்கிறேன். முன்பு நீ வாசித்த பழைய ஆர்ச்டாப் கிட்டார், உள்ளே முழுக்க வெற்றிடம், மூன்றரை அங்குலம் தடிமன். அதன் மேல் கையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கொடை முழுக்க நின்றால் தோள் கழன்றுபோகிறது என்றாய். பந்தலில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் நின்றால் அது ஊளையிட்டது. திடமான பலகைக் கிட்டார் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "அது அம்மிக்கல்லு மாதிரி இருக்கும்ல. எனக்கு உள்ள காத்து இருக்கணும்" என்று சொன்னது நீதான். அதற்காகத்தான் பாதித் தடிமனில் செய்தேன். முன் பலகையையும் பின் பலகையையும் வயிறு மாதிரி வளைத்து, கழுத்திலிருந்து வால் வரைக்கும் உள்ளே நீளமாக ஒரு நடுக்கட்டை வைத்தேன். கட்டை இருப்பதால் ஊளை வராது. கட்டைக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம் இருப்பதால் காற்று பேசும். கழுத்தில் உடலை ஒட்டி இருக்கிற சுரக்கட்டைகளுக்கு உன் இடது கை எட்ட வேண்டும் என்று கிட்டாரின் தோளில் ஒரு பக்கம் வெட்டினேன்.

இப்படிப்பட்ட கிட்டார் விழுந்தால் எங்கே உடையும் தெரியுமா? கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில். அங்கே மயிரிழை விரிசல்கூட இல்லை. கம்பிகள்கூடச் சுருதி இறங்கவில்லை. உடைந்திருப்பது நடுக்கட்டைக்கு இடப்புறம், எஃப் வடிவத் துளைக்குப் பக்கத்தில். முன் பலகை உள்ளே போயிருக்கிறது, பக்கப் பலகை பிளந்திருக்கிறது, பின் பலகை தரையில் அழுந்தி விரிந்திருக்கிறது. மேலிருந்து ஒரு ஆளின் எடை இறங்கியிருக்கிறது.

யார் மிதித்தது?

சிவப்பிரகாஷ்

*

முத்தையாபுரம்
22 ஜூன் 2024

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் கடிதத்தின் கொழுப்பிலேயே தெரிகிறது.

நான் உன்னிடம் மரத்தை ஒட்டத்தான் கேட்டேன். பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. கயிறு அவிழ்ந்தது என்றால் அவிழ்ந்தது. பெட்டியில் கீறல் இல்லை என்றால் பெட்டி நல்ல பெட்டி. விழுந்ததன் மேல் ஸ்பீக்கர் ஏதாவது விழுந்திருக்கும். நான் என்ன கூடவே படுத்துக்கொண்டா வந்தேன்?

நீ பெங்களூரில் உட்கார்ந்து வெள்ளைக்காரனுக்கும் சினிமாக்காரனுக்கும் கிட்டார் பழுது பார்க்கிறாய். அவர்களிடமும் இப்படித்தான் குறுக்கு விசாரணை செய்வாயா? அக்கா என்றால்தான் இந்த வாயா?

முகூர்த்தப் புடவைக்கு முத்துச்செல்வி பச்சை கேட்கிறாள். உனக்குப் பிடிக்குமா என்று எழுது. அதை மட்டும் எழுது.

மழை கிடையாது. உப்புக்காற்றும் வெயிலும். குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்காதே, இருமல் திரும்பி வரும்.

சந்தனமாரி

*

பெங்களூர்
2 ஜூலை 2024

அக்காவுக்கு,

பச்சை பிடிக்கும். இப்போது மற்றதைப் பேசுவோம்.

வார்னிஷின் மேல் விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. கனமான ஷூவின் குதிகால் அது. செருப்பால் அப்படிப் பள்ளம் விழாது. நம் வீட்டில் அப்படிப்பட்ட ஷூ யார் போடுகிறார்கள்? துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்கிற ஷூ, முன்னால் இரும்பு வைத்தது, உன் வீட்டு வாசலில் தினமும் கிடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அத்தான் கோபக்காரர். எனக்கு முன்னாலேயே டிவி ரிமோட்டைச் சுவரில் எறிந்து சுக்குநூறாக்கியவர். நீ கச்சேரிக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லையா? மாமியார் ஏதாவது சொன்னார்களா? அதனால்தான் போன் செய்யாதே என்கிறாயா? அதனால்தான் ஆடிக் கொடைக்குப் போகவில்லையா?

கிட்டாரை மிதித்தவன் நாளைக்கு உன்னை மிதிப்பான். உனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துவிடாதே. ஒரு ராத்திரி ரயில்தான்.

நீ உண்மையைச் சொல்கிறவரை நான் பிசின் டப்பாவைத் திறக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைச் சும்மா எழுதவில்லை. நிஜமாகவே பார்த்துக்கொள்.

சிவப்பிரகாஷ்

*

முத்தையாபுரம்
9 ஜூலை 2024

சிவப்பிரகாசுக்கு,

நான் சுகம். அவரும் சுகம்.

உன் அத்தானைப் பற்றி இன்னொரு வார்த்தை எழுதினால் உன் கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன். அவர் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

கிட்டாரை உடைந்தபடியே திருப்பி அனுப்பு.

சந்தனமாரி

*

பெங்களூர்
5 ஆகஸ்ட் 2024

திரு. சொரிமுத்து அவர்களுக்கு,

அத்தான் என்று ஆரம்பித்துப் பழகிய கை, எழுத மறுக்கிறது. நலமாக இருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் அக்காவின் கிட்டாரை ஷூ காலால் மிதித்தது யார் என்று அவள் சொல்ல மறுக்கிறாள். யாரைக் காப்பாற்ற ஒரு பெண் இவ்வளவு பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கிட்டாரை நான் ஒரு வருஷம் வேலை நேரம் போகச் செய்தேன். அதுகூடப் போகட்டும். கையில் இருந்ததைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிப்பதற்கு ஒரு மனசு வேண்டும். அந்த மனசோடு ஒரே வீட்டில் என் அக்கா இருக்கிறாள்.

எங்களுக்கு அப்பா இல்லை, கேட்க ஆள் இல்லை என்று எண்ணாதீர்கள். பதில் எதிர்பார்க்கிறேன்.

சிவப்பிரகாஷ்

*

முத்தையாபுரம்
18 ஆகஸ்ட் 2024

மாப்பிள்ளை சிவப்பிரகாசுக்கு,

சொரிமுத்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று டூட்டி முடிந்து வந்து படித்தேன். இரண்டு தடவை படித்தேன். என்னிடமும் உங்கள் அக்கா வேனிலிருந்து விழுந்தது என்றுதான் சொன்னாள். நான் நம்பினேன். மிதித்தது என்பதே நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை அவள் கையில் கொடுத்து, "உன் தம்பி இப்படி எழுதியிருக்கான். நான் மிதிச்சேனாளா?" என்று கேட்டேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டதும் நான் பைக்கை எடுத்தேன். அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். நான் போய் அவன் காலை உடைத்தால் போலீஸ், கேஸ், துறைமுக வேலை போய்விடும், இதெல்லாம் தெரிந்துதான் என்னிடம் மறைத்தாளாம். அதுவும் எனக்குக் கோபம்தான். உங்கள் மேல் உள்ள கோபம் வேறு.

யார் என்று நான் எழுத மாட்டேன். அவளே எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன். என் ஷூ அளவு பத்து. அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சொரிமுத்து

*

முத்தையாபுரம்
25 ஆகஸ்ட் 2024

தம்பி,

உனக்குச் சுகம் கேட்க எனக்கு இன்று மனம் வரவில்லை. இங்கே நாங்கள் பட்டினி இல்லை, நோய் இல்லை. போதும்.

போன டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது உன் அத்தான் முதலில் அவர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு மாடியில் விட்டார். திரும்பி வந்து என் கிட்டார்ப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் நகை, ரேஷன் கார்டு எல்லாம். அவரைத்தான் நீ திரு போட்டு எழுதினாய். ரிமோட்டை எறிந்தவர்தான். ரிமோட்டைத்தான் எறிந்தார்.

மிதித்தது லிங்கராஜ்.

இப்போது உட்கார்ந்து படி. வைகாசி மாதம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு கொடை. வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. மேடை ஏறுவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டான்.

"யக்கா, இனிமே கேபிள் மாட்டாண்டாம். லேப்டாப்ல பதிவு பண்ணுன டிராக் ஓடும். நீங்க கைய மட்டும் ஓட்டுங்க."

"நான் எதுக்குலே கைய ஓட்டணும்? வாசிக்கத்தான வந்திருக்கேன்?"

"பொம்பள ஒருத்தி கிட்டார மாட்டிக்கிட்டு நிக்கணும். அதுக்குத்தான் நம்மளக் கூப்பிடுதாவ. நீங்க வாசிக்கியளா இல்லையான்னு எவன் பாக்கான்?"

அவனும் அப்படித்தான் கீபோர்டில் கையை ஓட்டிக்கொண்டு நின்றான். முதல் பாட்டுக்கு நானும் நின்றேன், தம்பி. நின்றேன். கேபிள் இல்லாவிட்டாலும் உன் கிட்டார் சும்மா இருக்கவில்லை. எஃப் துளை வழியாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சின்னச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டிராக் அரைச் சுருதி மேலே ஓடுகிறது, என் வயிற்றுக்குப் பக்கத்தில் இது வேறு சுருதியில் முனகுகிறது. பொய் சொல்கிற வாயைப் பக்கத்திலிருந்து கேட்பது மாதிரி இருந்தது. கூட்டம் கை தட்டியது. எதற்குத் தட்டுகிறார்கள்?

இரண்டாவது பாட்டில் பையிலிருந்து கேபிளை எடுத்து மாட்டினேன். சுருதியை ஏற்றி, இடையிசையை நானே வாசித்தேன். டிராக்கில் ஒரு கிட்டார், மேடையில் ஒரு கிட்டார். முதலில் குழப்பம். அப்புறம் ஜனத்துக்குப் புரிந்துவிட்டது, விசில் பறந்தது. பாடிக்கொண்டிருந்த ஆனி டிராக்கை விட்டுவிட்டு என் பின்னால் வந்துவிட்டாள். லிங்கராஜ் பதற்றத்தில் லேப்டாப்பை நிறுத்திவிட்டான். டிராக் நின்றது. அவன் கீபோர்டும் நின்றது. ஆனால் அவன் விரல்கள் மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் ஒருவன் கத்தினான்: "எல, கீபோர்டு ஊமையாக் கெடக்கு, கை மட்டும் ஆடுது பாருல!"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

இடைவேளையில் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் தார்ப்பாயின் மேல் கிட்டாரை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். லிங்கராஜ் வந்தான். மேடைக்கென்று போடுகிற அந்தக் குதிகால் வைத்த பளபளப்பு ஷூவோடு. திட்டவில்லை, கத்தவில்லை. கிட்டாரின் மேல் ஒரு காலை வைத்தான். என்னைப் பார்த்தான். மற்றக் காலையும் தூக்கினான். மரம் உடைகிற சத்தம் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கேட்டது.

"இனி எத வாசிப்ப?" என்றான். பத்து வருஷமாக அக்கா, நீங்க, வாங்க என்றவன்.

ஆனி பார்த்தாள். ரிதம் பேட் வாசிக்கிற கிருபை பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மிச்சக் கச்சேரிக்கும் போனார்கள். நான் பெட்டியை மூடிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன்.

உன் கல்யாணத்துக்காகத்தான் சொல்லவில்லை. நம் வீட்டில் பெரியவர்கள் இல்லாமல் நான் ஒருத்தி பேசி முடித்த சம்பந்தம் இது. முத்துச்செல்வி அவனைப் போல் இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இதைக் கொண்டுவந்து போட எனக்குக் கை வரவில்லை. மென்று விழுங்கிவிடலாம் என்று நினைத்தேன். நீ விட்டாயா? ஷூவின் பள்ளத்தைச் சரியாகக் கண்டுபிடித்தாய். காலைத் தப்பாகக் கண்டுபிடித்தாய். நான் இல்லை என்று எழுதியபோது நம்பினாயா? அக்கா பொய் சொல்கிறாள் என்று உனக்குத் தோன்றியது, ஆனால் அக்கா எதைப் பற்றிப் பொய் சொல்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

முதலில் உன் அத்தானுக்கு எழுது. அப்புறம் எனக்கு.

சந்தனமாரி

*

பெங்களூர்
16 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. அத்தானுக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை நேற்றுத் தபாலில் போட்டேன். அவர் படிக்காமல் விட்டாலும் நியாயம்தான். நீ சுகமா என்று கேட்க எனக்கு இப்போது உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

லிங்கராஜுக்குப் போன் செய்தேன். சிரித்தான், அக்கா. "மாப்ள, ஒரு கிட்டாருக்கா இந்தப் பேச்சு? அன்னைக்கு ஏதோ சூட்டுல கால் பட்டுட்டு. நல்லதா ஒண்ணு புதுசு வாங்கித் தந்திருதேன்" என்றான். கால் பட்டுவிட்டதாம். அது எங்கே பட்டது என்று எனக்குத்தான் தெரியும். நடுவில் மிதித்திருந்தால் கட்டை தாங்கியிருக்கும். கிட்டார் செய்து முடித்த புதிதில், உள்ளே கட்டை எதுவரை இருக்கிறது, வெற்றிடம் எங்கே என்று எஃப் துளைக்குள் டார்ச் அடித்து அவனுக்குக் காட்டியவன் நான்தான். அவன் கால் பார்த்துத்தான் பட்டிருக்கிறது.

கல்யாணம் வேண்டாம். முத்துச்செல்வியிடம் நடந்ததையும் சொல்லிவிட்டேன், வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். அவன் வீட்டு வாசலில் நான் மாப்பிள்ளையாகப் போய் நிற்க மாட்டேன்.

சிவப்பிரகாஷ்

*

முத்தையாபுரம்
29 செப்டம்பர் 2024

சிவப்பிரகாசுக்கு,

சுகம். அத்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

நீ திருந்தவே மாட்டாயா? ஒருவன் என் கிட்டாரை உடைத்தான் என்று நீ ஒரு பெண்ணை உடைப்பாயா? முதலில் அத்தான், இப்போது முத்துச்செல்வி. கோபம் வந்தால் உனக்குக் கிடைப்பது எப்போதும் பக்கத்தில் நிற்கிற ஆள்தான், செய்த ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் பஸ் ஏறி இங்கே வந்தாள். வாசலில் நின்றே கேட்டாள்.

"மதினி, எங்க அண்ணன் செஞ்சது நெசமா?"

"நெசம்தான்ளா."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. காப்பி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்: "அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன் மதினி. நான் கேட்டுட்டா அவன் தப்பிச்சிருவான்."

இந்தப் பெண்ணைத்தான் நீ வேண்டாம் என்கிறாய்.

என் கோபம் என்னுடையது. அதை வைத்து நீ வழக்காடாதே, எனக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன். புதுக் கிட்டார் வேண்டாம். யார் காலும் உடைய வேண்டாம். கல்யாணம் நடக்க வேண்டும். நீ தாலி கட்டும்போது முதல் முடிச்சு உன்னுடையது, மற்ற முடிச்சுகள் அக்கா நான் போட வேண்டியவை. லிங்கராஜ் குழுவில் இருக்கிற எல்லோரையும் வைத்துக்கொண்டு, "நான்தான் வேணும்னு மிதிச்சேன்" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். கால் பட்டுட்டு என்று இல்லை. அதுவரை நான் மணமேடை ஏற மாட்டேன். முடிச்சுப் போட ஆள் இல்லாமல் நீங்கள் நிற்கலாம்.

முத்துச்செல்விக்குப் போன் செய். அவள் எடுக்கிறவரை செய்.

சந்தனமாரி

*

பெங்களூர்
2 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

இங்கே குளிர். இருமல் திரும்பிவிட்டது, திட்டாதே. அங்கே மழை எப்படி? வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

பத்து நாள் எடுக்காமல் இருந்துவிட்டு முத்துச்செல்வி போனை எடுத்தாள். எடுத்ததும் நான் வாங்கிய வசவை உனக்கு எழுத மாட்டேன். கல்யாணம் தையில்தான். நீ மேடை ஏறாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஏற மாட்டோம் என்று அவளே தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் ஒரு வாரம் சண்டையாம்.

கிட்டார் நாளை பார்சலில் ஏறுகிறது. முன் பலகையின் இடப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு அதே வளைவுக்குப் புது மரம் செதுக்கிச் சேர்த்தேன். பக்கப் பலகை முழுக்கப் புதிது. பின் பலகையின் விரிசலுக்கு உள்ளேயிருந்து தாங்குகட்டை கொடுத்திருக்கிறேன். கம்பியின் சத்தத்தை எடுக்கிற இரண்டு பிக்கப்பும் பழையவைதான், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறத்தைச் சேர்க்கத்தான் பாடுபட்டேன். இப்போது கருப்பட்டி நிறத்தில் ஒரே சீராக இருக்கிறது. ஒட்டு எங்கே என்று என் முதலாளிக்கே தெரியவில்லை.

பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வருகிறது. ஒன்றுமே நடக்காதது போல் இருக்கிறது. ஆனால் அரைகுறையாக விட எனக்குக் கை வரவில்லை.

அத்தான் எனக்கு ஒரு வரி எழுதினார். "கல்யாணத்துக்கு எனக்கு வேட்டி எடுக்காண்டாம், என்கிட்ட இருக்கு." இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, இல்லையா?

சிவப்பிரகாஷ்

*

முத்தையாபுரம்
5 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மழை பெய்தது, வீட்டுக்குள் வரவில்லை. இருமலுக்கு மிளகு போட்டுப் பால் குடி. மாப்பிள்ளை மேடையில் இருமிக்கொண்டு நிற்கக் கூடாது.

அத்தானுடையது கோபம்தான். ஆனாலும் வேட்டி எடு. அவர் கட்டுவார்.

கிட்டார் வந்தது. மாட்டி வாசித்தேன். இரண்டாம் கம்பி ஆறாம் சுரக்கட்டையில் கரகரக்கிறது. இவ்வளவு பேசுகிறவன் இதைப் பார்க்க மாட்டாயா? வரும்போது அரத்தை எடுத்துக்கொண்டு வா. மற்றபடி கனம் அதே கனம், கை எட்டுகிறது. கீழவைப்பாரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசித்தேன். கிருபையும் ஆனியும் லிங்கராஜை விட்டு வந்து, நாம் மூன்று பேரும் தனியாகச் செய்யலாம் என்று கேட்டார்கள். அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்று அவர்களையும் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன். ஆனி அழுதாள். கிருபை, "பயந்துட்டேன்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைகாசியிலேயே சொல்லியிருக்கலாம். டிராக் கிடையாது. தப்பு வந்தால் எங்கள் தப்பு.

லிங்கராஜ் வந்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். முதலில் ஒரு புதுக் கிட்டாரோடு வாசலில் நின்றான். சிவப்பு நிறம், திடமான பலகைக் கிட்டார். "இத எடுத்துட்டுப் போ" என்றேன். போனான். முத்துச்செல்வி அவனைத் திருப்பிக் கூட்டி வந்தாள், குழுவின் வேனிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு. கிருபையும் ஆனியும்கூட வந்தார்கள். எங்கள் வாசல் கொள்ளவில்லை. அத்தான் டூட்டிக்குப் போகாமல் கதவில் சாய்ந்து நின்றார். கையைக் கட்டியிருந்தார். அவர் கையைக் கட்டியிருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று எனக்குத்தான் தெரியும்.

லிங்கராஜ் தரையைப் பார்த்தான். "நடந்தது நடந்துபோச்சு யக்கா" என்று ஆரம்பித்தான்.

"நடந்துபோகல. நீ செஞ்ச" என்றாள் முத்துச்செல்வி.

தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அப்புறம் சொன்னான். "நான்தான் மிதிச்சேன். வேணும்னுதான் மிதிச்சேன். அவ்வளவு பேரும் என்னப் பாத்துச் சிரிச்சாவ, எனக்குத் தாங்கல." அவன் முகம் கறுத்துப்போய்விட்டது. சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். பரவாயில்லப்பா என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தான். எல்லோருமே எதிர்பார்த்தார்கள். மாமியார்கூட உள்ளேயிருந்து, "சரி போட்டும்னு சொல்லுளா" என்றார்கள்.

என்னிடம் அந்த வார்த்தை இல்லை, தம்பி. தேடிப் பார்த்தேன். அவன் சொல்லிவிட்டால் கோபம் இறங்கிவிடும் என்று நானும் நம்பித்தான் இருந்தேன். இறங்கவில்லை. அவன் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது, கோபம் அப்படியே இருந்தது. "கேட்டுட்டேன். போயிட்டு வா" என்றேன். போனான்.

அதனால் நான் மேடை ஏறுவேன். முத்துச்செல்வி கழுத்தில் முடிச்சை அவிழாத மாதிரி போடுவேன். உன் மச்சான் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்வேன். அவன் பந்தியில் பரிமாறினால் சாப்பிடுவேன். கடைசியில் போட்டோக்காரர் இரண்டு வீட்டுக்காரர்களையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி எல்லோரையும் சிரிக்கச் சொல்வார். நான் நிற்பேன். சிரிக்கச் சொல்லாதே. நீ சொல்லக் கூடாது.

பத்திரமாக வந்து சேர். ரயிலில் ஜன்னலை மூடிக்கொள்.

உன் அக்கா,
சந்தனமாரி